கொட்டாஞ்சேனைக்கு வந்த குவிமாடம்

முகத்துவாரத்தில் ஓர் உயரமான மாடியில் ஏறித் தெற்கே பார்த்தால், அடுக்குமாடிகள் விட்டுவைத்த இடைவெளியில் ஒரு குவிமாடம் தெரியும். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் தலை அது. கொழும்பு வடக்கில் வளர்ந்தவர்களுக்கு அதன் பூர்வீகத்தைப் பற்றி யோசிக்க வேண்டி வருவதில்லை. வழி சொல்ல உதவுகிறது, மணி அடித்தால் நேரம் தெரிகிறது, அவ்வளவுதான். விசாரித்தால், "ரோமாபுரி கோயில் மாதிரிக் கட்டினது" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லுவார்.

அவர் சொல்வது சரி. ஆனால் அது ரோமாபுரியிலிருந்து நேரே வந்து இறங்கவில்லை. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேல் எடுத்து, சமயம் மாறி, அரசு மாறி, பல கைகளைத் தாண்டி வந்திருக்கிறது. வரும் வழியில் தன் உடம்பை, அதாவது முதன்முதலில் தான் செய்யப்பட்ட பொருளை, இழந்தும் விட்டது. அந்தப் பொருள் வேறு பாதையில் பயணம் செய்து, ஏறக்குறைய அதே வருடங்களில் கொழும்புக்கு வந்து கடலுக்குள் இறங்கியது. வடிவம் மேட்டில் ஏறியது, பொருள் தண்ணீரில் நின்றது. இரண்டுக்கும் இடையில் நடந்தே போகலாம்.

குவிமாடத்தின் பிறந்த வீடு ரோமாபுரியின் பாந்தியன். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 அளவில் முடிந்த கோயில். வாசல் நெற்றியில் அக்கிரிப்பா கட்டினான் என்று பெரிதாகப் பொறித்திருக்கிறது. அக்கிரிப்பா கட்டியது அதே இடத்தில் முன்பு நின்ற கோயில், அது எரிந்துபோனது. புதிதாகக் கட்டிய ஹேட்ரியன் பழையவன் பெயரையே விட்டுவைத்தான். நம் ஊரில் ஒரு பஸ் தரிப்பிடம் திறந்தாலே கல்லில் எத்தனை பெயர் ஏறுகிறது என்பதை நினைத்தால் இந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வருகிறது.

உள்ளே போனால் 43.3 மீற்றர் குறுக்களவு. தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீற்றர். அதாவது முழு உருண்டை ஒன்றை உள்ளே வைத்தால் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மேலே கவிந்திருப்பது கல் அடுக்கிக் கட்டியதல்ல, வார்த்தது. சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், உடைகல் மூன்றையும் குழைத்து, பலகை அடித்து நிரப்பிய ரோமக் கொங்கிறீற். இரும்புக் கம்பி ஒன்றும் உள்ளே இல்லை. பாரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், கல்லை மாற்றினார்கள். அடியில் கனத்த சுண்ணக்கல், அதற்கு மேல் செங்கல் துண்டும் இலேசான எரிமலைக் கல்லும், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். கனமும் மேலே போகப் போகக் குறைகிறது. அடியில் ஏறக்குறைய 6 மீற்றர், உச்சியில் ஒன்றேகால் மீற்றர்கூட இல்லை. உட்புறத்தில் வரிசைக்கு 28 ஆக ஐந்து வரிசைச் சதுரப் பள்ளங்கள். பார்ப்பதற்கு அலங்காரம், உண்மையில் அவையும் பாரக் குறைப்பில் பங்காளிகள். நடு உச்சியில் மூடவே மூடாத ஒரு வட்ட வாய். மழை பெய்தால் உள்ளே விழும். தரையில் வெட்டிய சிறு துளைகளால் வடிந்து போகும். கம்பி இல்லாத கொங்கிறீற் குவிமாடத்தில் இதைவிடப் பெரியது இன்றுவரை உலகில் இல்லை.

அந்தக் காலத்தில் ரோமுக்கு நம்மைத் தெரியுமா? தெரியும். பாந்தியனுக்கு அரை நூற்றாண்டு முன்பே பிளினி இலங்கையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். செங்கடல் பக்கத்து வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரபிக் கரையோரம் போகையில் காற்று அடித்துக்கொண்டு வந்து, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறையொன்றில் சேர்த்தது. இங்கிருந்த அரசன் அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளை வாங்கிப் பார்த்தான். காசுகளில் முகங்கள் வெவ்வேறு, நிறை மட்டும் ஒன்று. ஆட்கள் மாறினாலும் நிறை மாறாத ஊர் நம்பத்தக்கது என்று எண்ணி, நான்கு தூதர்களைக் குளோடியஸ் சக்கரவர்த்தியிடம் அனுப்பினான். வியாபாரி மூளை உள்ள அரசன்.

காசு வந்தது, வைன் சாடி வந்தது, யவனர் விளக்கு வந்தது. அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியச் சிவப்பு மட்பாண்டமே கிடைத்தது. இலங்கையிலும் பிற்காலத்து ரோமச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டிருக்கின்றன. கட்டடம்தான் வரவில்லை. அல்லது வந்து நிலைக்கவில்லை. பழைய ரோம வழிப்படம் ஒன்றில் சேரநாட்டு முசிறிக்குப் பக்கத்தில் அகுஸ்தஸ் கோயில் என்று ஒரு சின்னக் கட்டடம் வரைந்திருக்கிறது. தமிழ்கூறு நிலத்தில் ரோமர் எழுப்பியதாக நமக்குத் தெரிய வரும் ஒரே கட்டடம் அதுதான், அதுவும் கடுதாசியில். செங்கல் ஒன்றுகூட அகப்படவில்லை. கண்ணெதிரே யவனர் இறங்கி ஏறிப் போன கரைகளில் அவர்களின் கட்டடக் கலை ஒட்டாமல் போய், அவர்கள் அழிந்து ஆயிரம் வருடத்துக்கும் பிறகு வேறு ஆட்களின் கையில் வந்திருக்கிறது.

கைமாற்றத்தில் முதலாவது, 609இல். பாந்தியன் பாப்பரசரின் கைக்கு வந்து, தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய ஆலயமானது. அப்படி ஆகியிராவிட்டால் மற்றக் கோயில்களைப் போல அதையும் கல்லுக்காக உடைத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் கொங்கிறீற் வார்க்கும் கை போய்விட்டது. பேரரசு உடைந்த பிறகு எரிமலைச் சாம்பலைக் கப்பலில் ஏற்றி அனுப்ப யாருமில்லை. அவ்வளவு பெரிய வார்ப்புக்கு ஆளும் பணமும் திரட்டக்கூடிய அரசும் மேற்கே இல்லை. கிழக்கே கொன்ஸ்தாந்திநோப்பிளில் 537இல் முடிந்த ஹாகியா சோபியா செங்கல்லில் எழுந்தது. அங்கேதான் குவிமாடம் ஒரு புது வித்தையைப் பெரிய அளவில் காட்டியது. வட்டச் சுவர்மேல் வட்டக் கூரை வைப்பது சுலபம். சதுரத்தின்மேல் வட்டத்தை வைப்பதற்கு நான்கு மூலையிலும் வளைந்த முக்கோணம் எழுப்பி, பாரத்தை நான்கு தூணுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிலுவை வடிவக் கோயிலின் நடுச்சந்தியில் குவிமாடம் உட்கார முடிந்தது இந்த முக்கோணத்தின் தயவில்தான்.

பிறகு புளோரன்ஸ். 1420 தொடங்கி 1436 வரை, தரையிலிருந்து சாரம் தாங்காமல், புரூனலெஸ்கி அந்நகரப் பேராலயக் குவிமாடத்துக்குச் செங்கல்லை அடுக்கி அடுக்கி மேலே போனார். அதன் பின் வத்திக்கான். 1506இல் புனித பேதுருவானவர் பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. 1547இல் எழுபது வயது தாண்டிய மைக்கேலாஞ்சலோவின் தலையில் வேலை வந்தது. 1564இல் அவர் கண்ணை மூடியபோது குவிமாடம் இல்லை. ஜாக்கொமோ டெல்லா போர்த்தா 1590இல் மூடி முடித்தார். இத்தனை பேர் பாடுபட்டும் உட்குறுக்களவு பாந்தியனைவிட ஒன்றரை மீற்றருக்குமேல் குறைவு. போதாததற்கு வெடிப்பும் கண்டது. 1740களில் கணித அறிஞர்களைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்து, சுற்றிவர இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். செங்கல் குவிமாடத்தின் அடிப்பாகம் வெளியே பிதுங்கப் பார்க்கும். வார்த்த பாந்தியனிலும் அடியில் வெடிப்பு உண்டுதான், ஆனால் 6 மீற்றர்ச் சுவர் அசையாமல் பிடித்துக்கொண்டது.

வத்திக்கானில் இருந்து கிழக்கே கடல்கடந்து வந்த முதல் பெரிய நகல்களில் ஒன்று கோவாவில் இருக்கிறது. பழைய கோவாவில் தியேத்தின் துறவிகள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித கயத்தான் ஆலயம்; பேதுரு பேராலயத்தைப் பார்த்துச் சிறிதாக எழுப்பியது. அதே கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க குருவுக்கு இலங்கையில் இடமில்லை. சில்லாலையில் மறைந்திருந்து பூசை வைத்தவர் அவர். அவருக்குப் பின்னால் வந்த கோவா ஒறற்றோரியன் குருமார் 18ஆம் நூற்றாண்டில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு கோயில் வைத்தார்கள். ஓலைக் கூரை. குவிமாடத்தைத் தினம் பார்த்து வளர்ந்தவர்கள் கிடுகு வேய்ந்த கொட்டிலில் செபம் சொன்ன காலம் அது.

கிடுகுக் கொட்டிலுக்குக் கிட்டவே ஒல்லாந்தர் தங்கள் பங்குக்கு ரோமைக் கொண்டுவந்திருந்தார்கள். 1749இல் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம். சிலுவை வடிவம், ஐந்தடி அளவில் தடித்த கபுக்கல் சுவர், டோரிக் பாணி. பாப்பரசரை ஏற்காத புரட்டஸ்தாந்து ஒல்லாந்தருக்கும் கட்டடம் என்று வந்தால் ரோமை விட மனமில்லை. உச்சியில் ஏழு அம்புகளைப் பிடித்த பித்தளைச் சிங்கம் ஒன்று நின்றது. ஏழு மாகாணங்களின் ஒன்றியம் என்று அர்த்தம். 1856இல் இடி விழுந்து சிங்கம் போனது, கூரையும் சேதமானது. அப்போது ஒல்லாந்தர் ஆட்சி போய் அறுபது வருடம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. கொழும்பு ஆயராக இருந்த இலாரியோன் சில்லானி இத்தாலியர், சில்வெஸ்திரின் சபைத் துறவி. பழைய கோயிலை எடுத்துவிட்டுப் பெரிய பேராலயம் கட்ட 1870களில் முடிவு செய்தார். வரைபடமும் மேற்பார்வையும் அவருடைய சபையைச் சேர்ந்த தபறானி அடிகளார். இரண்டு இத்தாலியர் கூடி யோசித்தால் எந்தக் கோயில் நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. தூண் வரிசை, முக்கோண நெற்றி, மேலே புனிதர் சிலைகள், பின்னால் நடுச்சந்தியின்மேல் குவிமாடம். சில்லானி 1879இல் இறந்தார், முடிவைப் பார்க்கவில்லை. 1883இல் கொழும்பு அமலமரித் தியாகிகள் சபையின் கைக்கு மாறியது. யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் ஆயராக இருந்து பள்ளிக்கூடங்களால் பெயரெடுத்த பொன்ஜோன் ஆண்டகை கொழும்புக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார்; 1886இல் முதல் பேராயரானார்; 1892இல் இறந்தார். முழு வேலையும் ஒப்பேற அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

வேலை நடந்த வருடங்களிலேதான் 1883 பாஸ்கு ஞாயிறன்று கொட்டாஞ்சேனைக் கலவரமும் நடந்தது. தீபதுத்தாராம விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கைகலப்பு. அதன் பின்விளைவாகவே வெசாக் தினத்துக்கு அரசு விடுமுறையும் பௌத்தக் கொடியும் வந்தன. குவிமாடத்தின் கதையில் இதைச் சொல்லாமல் விட்டால் அது ஏதோ ஆளில்லாத மேட்டில் எழுந்தது போல ஆகிவிடும். அந்த மேடு அன்றும் பல பேருடையது.

ஆலயத்தின் பெயருக்கு உரியவரையும் மறக்கக் கூடாது. லூசியாள் சிசிலித் தீவின் சிறாக்கூசைச் சேர்ந்த பெண். 304இல் தியோக்கிலேசியன் சக்கரவர்த்தியின் கலாபனையில் ரோம அதிகாரிகள் கொன்ற கன்னிகை. அவளைக் கொன்றவர்களின் கட்டட முறையிலேயே அவளுக்குக் கோயில்! வரலாற்றுக்கு இந்த மாதிரிக் காரியங்களில் கூச்சமே கிடையாது.

இனி, வழியில் தொலைந்த பொருளின் கதை. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் தண்ணீருக்குள்ளேயே இறுகும் என்று விற்றுவியஸ் தம் கட்டட நூலில் சொல்லியிருந்தார். ரோமர் அதைக் கொண்டுதான் கடலுக்குள் துறைமுகம் கட்டினார்கள். பலஸ்தீனத்து செசாரியாத் துறைக்கு ஏரோது அரசன் அந்தச் சாம்பலை இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கினான். கடல்நீர் ஊற ஊற அந்தக் கொங்கிறீற்றுக்குள் புதிய கனிமப் பளிங்குகள் வளர்ந்து அதை இன்னும் பலப்படுத்துகின்றன என்று 2017இல் மேரி ஜாக்சன் குழுவினர் காட்டினார்கள். நம் சீமெந்தைக் கடல் அரிக்கிறது, அவர்களுடையதைக் கடல் வளர்க்கிறது. 1750களில் ஜோன் ஸ்மீற்றன் இங்கிலாந்தில் எடிஸ்ரன் கலங்கரை விளக்கம் கட்டும்போது மறுபடி இத்தாலியச் சாம்பலைத்தான் வரவழைத்தார். களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் நீரில் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கும் என்று அவர் கண்ட வழியே, 1824இல் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை எடுத்த போட்லன்ட் சீமெந்தில் வந்து நின்றது.

நம் கொத்தனாருக்கு இந்த வித்தை அறவே தெரியாது என்று எண்ண வேண்டாம். முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்ட சுண்ணாம்பில் செங்கல் தூளைச் சேர்த்து அரைத்தால் ஈரத்தைத் தாங்கும் என்பது தென்னிந்தியாவிலும் இங்கேயும் பழகின கைமுறை. ஓட்டுத் தூள் சேர்க்கச் சொல்லி விற்றுவியஸும் எழுதியிருக்கிறார். ஆனால் தென்மேல் பருவக் காற்றில் கொழும்புக் கடலை மறிக்க அது போதாது. சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி 1875 டிசெம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர், பின்னாள் ஏழாம் எட்வர்ட், அலைதடுப்பின் முதற்கல்லை வைத்தார். சீமெந்துக் கொங்கிறீற்றில் பல தொன் நிறையுள்ள கட்டிகளைக் கரையில் வார்த்து, பாரந்தூக்கியால் கொண்டுபோய், கருங்கல் மேட்டின்மேல் அடுக்கினார்கள். 1885இல் நான்காயிரம் அடிக்கு மேல் நீண்டு நின்றது. பின்னர் முகத்துவாரக் கரையிலிருந்தும் ஒரு கை கடலுக்குள் போனது. பாந்தியனை வார்த்த முறையின் பேரப்பிள்ளை இந்த அலைதடுப்பு. மேட்டில் சில்லானியின் குவிமாடமும் கடலில் கூட்டின் சுவரும் ஒரே பத்தாண்டில் எழுந்துகொண்டிருந்தன. இவர்கள் அவர்களையோ அவர்கள் இவர்களையோ சொந்தம் என்று கண்டிருப்பார்களா தெரியவில்லை. ஒருவர் பாப்பரசரின் ஆள், மற்றவர் மகாராணியின் ஆள்.

அந்தப் பத்தாண்டு தொடங்கிக் கொழும்பில் ரோமத் தூண்களுக்குப் பஞ்சமில்லை. 1877இல் திறந்த நூதனசாலை; 1928இன் நகர மண்டபம், அதற்கும் வெள்ளைக் குவிமாடம்; 1930இல் காலிமுகத்திடலில் பழைய பாராளுமன்றம். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. அதிகாரம் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளத் தூண் தேடுவது எல்லா ஊரிலும் உள்ளது. சீமெந்து நம் மண்ணிலேயே சுடப்பட்டது 1950இல், காங்கேசன்துறையில், யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில். அது எளிய வீட்டின் வாசலுக்கும் வந்தது. அச்சில் வார்த்த குட்டித் தூண்களைப் பல்கணியில் வரிசையாக நிறுத்தாத மாடிவீடு வெள்ளவத்தையில் குறைவு.

இன்னும் ஒரு படி இருக்கிறது. வெள்ளவத்தைக் கலியாண மண்டபம் ஒன்றில் மணவறை சோடிக்கும்போது முற்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் அக்குளுக்கு ஒன்றாக இரண்டு தூண்களைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஃபைபர். உள்ளே வெறும் கூடு. வெள்ளை உடம்பு, தலையில் பொன் பூசிய சுருள் இலைகள். ஓர் இலையின் நுனி உடைந்து, பூட்டி வைத்து மறுபடி பொன் அடித்திருந்தது கிட்டப் பார்த்தால் தெரிந்தது.

"இது என்ன இலை தம்பி?"

"இலையோ? அது டிசைன் அண்ணை."

அது அக்காந்தஸ் இலை. கொறிந்து நகரத்தில் கலியாண வயதில் ஒரு பெண் நோய்ப்பட்டு இறந்தாளாம். அவள் ஆசையாக வைத்திருந்த சாமான்களை அவளை வளர்த்த செவிலி ஒரு கூடையில் போட்டுக் கல்லறைமேல் வைத்து, மழை படாதபடி ஓடு ஒன்றால் மூடிவிட்டுப் போனாள். கூடைக்குக் கீழே கிடந்த அக்காந்தஸ் வேர் வசந்தத்தில் துளிர்த்து, கூடையைச் சுற்றி ஏறி, ஓட்டின் மூலை தடுத்த இடத்தில் வெளியே சுருண்டது. அந்த வழியாகப் போன சிற்பி கலிமாக்கஸ் அதைப் பார்த்துத் தூணுக்குத் தலை செய்தான். இது விற்றுவியஸ் சொல்லும் கதை. ரோமருக்கு எல்லாத் தூணிலும் இதுவே செல்லம்; பாந்தியன் முன்மண்டபத்தில் எகிப்துக் கருங்கல்லில் நிற்கிற 16 தூண்களும் இந்தத் தலையோடுதான். மணமாகாமல் போன பெண்ணின் கல்லறையில் முளைத்த இலை, நம் மணமகளின் இரண்டு பக்கமும் நிற்கிறது. மண்டபத்தில் இதை யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. சகுனம் பார்க்கிற சனம். அந்தச் செடியின் இனத்தான் ஒன்று நம்மிடமும் உண்டு. நீர்கொழும்புக் களப்போரம் கண்டற் செடிகளுக்கு நடுவே முள்ளிலையும் ஊதாப் பூவுமாக நிற்கிற கழிமுள்ளி. சங்கப் புலவர்களின் முண்டகம் இதுதான் என்பாரும் உளர். அதன் இலையை ஒருவரும் தூணில் ஏற்றவில்லை.

இளைஞர் நாலு தூணையும் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தைப் பூட்டினார். பிறகு லொறியிலிருந்து இன்னொருவரும் அவருமாக ஒரு பெரிய சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஃபைபர் குவிமாடம், உச்சியில் கலசம். ஏணியில் நின்று நாலு மூலைக்கும் போல்ட் முடுக்கினார்கள். டோம் இல்லாமல் தூண் மட்டும் எடுத்தால் வாடகை குறையுமா என்று கேட்டேன். டோம் செற்றோடுதான் வரும், தனியாகக் கழிக்க ஏலாது என்றார்.